ஏழாம் அறை நாற்காலி

ஏழாம் எண் தட்டில் மூன்றே மூன்று புள்ளிகள்தான் இருந்தன.

லென்ஸை நகர்த்தி இன்னொரு தடவை எண்ணினாள். மூன்றுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் கூட்டம். பக்கத்துத் தட்டில், எட்டாம் எண்ணில், இருநூற்றுப் பத்து.

பகலெல்லாம் இப்படி எண்ணிக்கொண்டே இருப்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் புள்ளிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பாள்.

சோதனைக்கு வந்திருந்தது ஒரு தூள். வெள்ளியையும் செம்பையும் சேர்த்து உருக்கி, மாவைவிட மென்மையாகப் பொடித்தது. சாம்பல் நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லேசாக ஒரு சிவப்பு ஓடும். உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கத்தான் அதுவரை விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது வார்னிஷில் கலந்து மருத்துவமனைச் சாமான்களில் பூசலாம் என்று கம்பெனிக்கு ஆசை வந்திருந்தது. கையின் ஈரம் பட்டால் போதும், வெள்ளியும் செம்பும் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து கிருமியைத் தீர்த்துக்கட்டிவிடும்.

நெடுநாள் நோயாளிகள் தங்கும் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு அறைகள் எடுத்துக்கொண்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கென்று அறைக்கு ஒரு புது நாற்காலி. ஆறு நாற்காலிகளின் கைப்பிடியில் தூள் கலந்த வார்னிஷ், மற்ற ஆறில் வெறும் வார்னிஷ். எல்லாம் ஒரே பழுப்பு நிறம். எது எதுவென்று அவளுக்கே சொல்லவில்லை. தினமும் காலையில் போய்ப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து வரவேண்டும், தட்டில் வளர்த்து எண்ணவேண்டும்.

ஐந்து வாரமாக ஏழாம் எண் நான்கைத் தாண்டவில்லை.

"ஏழாம் அறையில தூள் தூள் கிளப்புது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

இன்று காலை மேலாளர், ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்து, எதில் தூள் என்ற பட்டியலைப் படித்தார். ஏழில் வெறும் வார்னிஷ்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தூள் பூசிய நாற்காலிகளில்கூட இருபது, முப்பது புள்ளிகள் வந்திருந்தன. ஒன்றுமே கலக்காதது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டால் தூளை எவன் வாங்குவான்? மதியத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் சோதனையையே மூட்டை கட்டிவிடப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஏற்பாடுகளோடு சேர்த்து எட்டு மாத உழைப்பு. ஆனாலும் அவளுக்குப் பயத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். ஏன் மூன்று?

மருத்துவமனைக்குப் போனதும் முதலில் சுத்தம் செய்கிற அக்காவைப் பிடித்தாள். ஏழாம் அறைக்குத் தனியாக ஏதாவது மருந்து போட்டுத் துடைக்கிறீர்களா என்று கேட்டாள்.

"எல்லா அறைக்கும் ஒரே வாளி, ஒரே துணிதாம்மா" என்றார் அக்கா.

அறைக்குள் போனாள். வெயில் படுகிறதா என்று பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான். நாற்காலி மாறிப்போயிருக்குமோ என்று தரையில் குப்புறப் படுத்து அடியில் எழுதியிருந்த எண்ணைப் படித்தாள். ஏழுதான். கைப்பிடியைப் பஞ்சுக் குச்சியின் மறுமுனையால் சுரண்டி முகர்ந்தாள். வார்னிஷ் வாசனை அப்படியே இருந்தது.

கட்டிலில் இருந்தவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஐந்து வாரமும் அவள் சொன்ன வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தவர்.

எழுந்து நின்று இருக்கையை அமுக்கினாள். கடையிலிருந்து வந்த அன்று எப்படி உப்பியிருந்ததோ அப்படியே இருந்தது. மற்ற அறைகளில் எல்லாம் நடுவில் குழி விழுந்திருந்ததே என்று யோசித்தாள். இங்கே மட்டும் வேறு பஞ்சு வைத்துவிட்டார்களோ?

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"தினமும் வந்து அந்த நாற்காலியையே பாக்கறீங்க. ஒரு நாளைக்கு உக்காந்துதான் பாருங்களேன்."

பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தாள்.

பிறகு கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். உட்கார்ந்தாள். முதல் கனம் பட்டு இருக்கை மெல்லப் பெருமூச்சு விட்டு இறங்கியது. கைகள் இரண்டையும் கைப்பிடியில் வைத்தாள்.

அப்படி என்னதான் தினமும் தடவி எடுத்துப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார். தூளைப் பற்றிச் சொன்னாள். தட்டுகளைப் பற்றிச் சொன்னாள். ஆட்களின் கையிலிருந்து வருவதுதான் அந்தப் புள்ளிகள் என்றும், இந்த அறைக்கு மூன்றுதான் வந்தது என்றும் சொன்னாள்.

"அந்த மூணு யாரோடது?" என்றார் அவர்.

"காத்துல வந்தது" என்றாள்.

மதியம் மேலாளரிடம் காரணத்தைச் சொன்னபோது அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏழாம் அறையைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடலாம் என்றார். மிச்சமிருந்த பதினொன்றில் தூள் தெளிவாக ஜெயித்திருந்தது.

"இருக்கட்டும் சார். இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றாள்.

மாதக் கடைசியில் ஏழாம் தட்டில் நூற்று நாற்பது புள்ளிகள். பதிவேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், குறிப்பு எழுதுகிற கட்டத்தில், அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

'ஆறாம் வாரம் முதல் இந்த நாற்காலியில் தினமும் ஆள் உட்காருகிறார்.'

யார் என்று மேலாளர் கேட்கவில்லை.