கண்ட இடத்தில் கால்புள்ளி

"நேத்து செஞ்சது முழுசும் திரும்பி வந்திருக்கு, சித்தப்பா. ஒரு வரிகூடத் தேறல."

ரென் நாற்காலியை இழுத்து ஹாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. மேலேயிருந்து வாங்கும் திட்டைக் கீழே இறக்கி இறக்கியே அவளுக்கு அலுத்துவிட்டது.

சீனாவில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஷான்சியின் அந்தச் சிறு நகரத்தில் அவர்களுடைய வேலை இதுதான்: யார் யாரோ பேசிய பேச்சு, குறி எதுவும் இல்லாமல் திரையில் வரும். கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போட்டுத் தர வேண்டும். எந்தச் சொல் எதோடு சேரும் என்று கணினி அதை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறது.

"ரெண்டு வார்த்தைக்கு ஒரு கால்புள்ளி போட்டிருக்கீங்க. கணினி எல்லாத்தையும் துண்டு துண்டாப் பிரிக்குது. யாரு இப்படிப் பேசுவாங்க?"

"சித்தப்பா மாவுக்கட்டியிலேர்ந்து நூடுல்ஸ் சீவுறார்," என்றாள் எதிர் மேசை சூய். "கத்தியை எடுத்தா கை நிக்காது."

ஹாவ் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்ததாகச் சொல்லிச் சேர்ந்தவர். போன குளிர்காலம் வரை அவர் வேலையில் குறை வந்ததில்லை. இப்போதெல்லாம் மாடிப்படி நடுவில் நின்று கைப்பேசியைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கடைசியாகத்தான் மேலே வருகிறார்.

"சீக்கிரம் முடிக்கணும்னு கண்ட இடத்துல குத்துறீங்களாம். சாயங்காலத்துக்குள்ள உங்க இடத்துல வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க. நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

"வேலை போனா, வீட்டுல, அடுப்பு எரியாதும்மா."

"அப்ப எப்படிக் குறி போடுறீங்கன்னு காட்டுங்க."

"நீ சொல்லிக் குடுத்த, மாதிரிதான். வாய்விட்டுப் படிச்சு, குரல் நிக்கிற, இடத்துல."

"சரி, படிங்க."

திரும்பி வந்த வரிகளை ஹாவ் படிக்க ஆரம்பித்தார். ரென் பேனா முனையால் திரையில் ஒவ்வொரு கால்புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் தொட்ட இடத்திலெல்லாம் அவர் குரல் நின்றது. மூச்சுக்காகத் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின.

சூய் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். பாதியிலேயே ரென் கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"சுரங்கத் தூசியில எத்தனை வருஷம் இருந்தீங்க, சித்தப்பா?"