கழன்று கிடந்த பிளக்

“நேற்றுப் பூட்டின கொம்பியூட்டர் இண்டைக்குச் செத்துப் போச்செண்டால் அதுக்கு என்ன பெயர் தம்பி? கள்ளச் சாமான்! இப்பவே வந்து பார். இல்லாட்டி கடைக்கே வந்து சத்தம் போடுவன்.”

வரதராசா போனை அடித்து வைத்தார். கொழும்பு வெள்ளவத்தை பிளட்ஸின் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

“சிங்களப் பொடியன்தானே! தமிழ்ச்சனத்துக்கு எதைக் கட்டி விட்டாலும் வாய் திறக்காதுகள் எண்டு நினைச்சிட்டான்.”

“இண்டைக்கே வரச் சொல்லோணுமே? ஒரு கிழமை போகட்டுமன்” என்றாள் மனைவி நேசமலர்.

“நீ ஒருத்தி! பிள்ளை வெள்ளிக்கிழமை புரொஜெக்ட் குடுக்க வேணும். கம்பஸால வந்து என்னைத்தான் கேப்பாள்.”

விடியற்காலையில் அடுத்த பிளட்ஸை ஆமி வளைத்துத் தேடியதிலிருந்து நேசமலரின் முகத்தில் ஈயாடவில்லை. வராத ஆமிக்கும் பயப்படுகிற மனுசி என்று வரதராசா மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

அரை மணித்தியாலத்தில் கொம்பியூட்டர்க் கடைப் பொடியன் தம்மிக்க வந்துவிட்டான். தோளில் ஒரு பை, முகத்தில் வழக்கமான சிரிப்பு.

“அங்கிள், நேத்து ஓடிச்சுதானே?”

“நேத்து ஓடினது. இண்டைக்குக் காத்தாடி மட்டும் சுத்துது. ஸ்கிரீன் கறுப்பு. நீயே பார்.”

அவன் முதலில் சுவர் பிளக்கைப் பார்த்தான். பின்பக்க சுவிட்சைப் போட்டு நிறுத்திப் போட்டான். காற்றாடி சுழன்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

“பவர் வருது. உள்ளுக்க ஒரு கனெக்‌ஷன் லூஸ் போல. தொறந்து பாக்க வேணும்.”

“முதல்ல ரீ குடியுங்கோ தம்பி” என்று நேசமலர் அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

“அவன் ரீ குடிக்கவோ வந்தவன்? அங்கால போ நீ!”

புதிதாகப் பூட்டும் பெட்டிக்கு முதல் கிழமை ஒரேயொரு ஆணிதான் போடுவான் தம்மிக்க. ஓடிப் பார்த்துவிட்டு மிச்சத்தை இறுக்குவது அவன் வழக்கம். அந்த ஒற்றை ஆணியைக் கழற்றி மூடியை இழுத்தான்.

உள்ளேயிருந்து ஒரு படம் சறுக்கி வந்து நிலத்தில் விழுந்தது.

மல்லாக்க விழுந்தது. வரிச் சீருடையில், கழுத்தில் கறுப்புக் கயிற்றோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் ஒரு பொடியன்.

வரதராசாவின் பிள்ளைதான். இயக்கத்துக்குப் போய், ஏழு வருடத்துக்கு முன் சண்டையில் முடிந்துபோன மூத்தவன். ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அவன் படம் ஒன்று விடாமல் அவர்தான் அடுப்பில் போட்டு எரித்தார். இங்கே பொலிஸ் பதிவில் ‘பிள்ளைகள்: ஒன்று’ என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஒழுங்கை முனையில் ஆமிச் சென்றி இருக்கிறது. இந்தத் தம்மிக்க அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் கம்பஸால் வருமுன்னே வீடு சீல் வைக்கப்பட்டுவிடும்.

நேசமலர் கதவு நிலையைப் பிடித்தபடி அழுதாள். “இவ்வளவு நாளும் குசினியில மா ரின்னுக்குள்ள வச்சிருந்தனான். விடிய ஆமிச் சத்தம் கேட்டோடன பயந்து போய்... இதை ஆரும் துறக்கமாட்டினம் எண்டு நினைச்சன்.”

தம்மிக்க படத்தைக் குனிந்து எடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“தம்பி, அது... அது ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது” என்றார் வரதராசா. பெற்ற பிள்ளையை மறுத்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “முந்தி இருந்த ஆக்கள் விட்டிட்டுப் போனது.”

நேற்றுப் பூட்டிய பெட்டிக்குள் முந்தி யார் இருந்தார்கள்!

தம்மிக்க படத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

“அங்கிள் மாதிரியே மூக்கு” என்றான்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனான். படிக்கட்டை எட்டிப் பார்த்தான். போய்விட்டான் என்றே வரதராசா நினைத்தார். கதிரையில் விழுந்தார். நேசமலர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டபடி நின்றாள்.

அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

பைக்குள்ளிருந்து போர்ட் சுற்றி வந்த வெள்ளி நிற உறையை எடுத்தான். படத்தை அதற்குள் வைத்து மடித்து, பெட்டியின் அடித்தட்டில், காற்றாடிக்கு எட்டாத மூலையில் ஒட்டு நாடாவால் ஒட்டினான். விடியற்காலை நேசமலர் படத்தைத் திணித்தபோது கழன்று கிடந்த நாலு வயர்ப் பிளக்கைத் தேடிப் பிடித்து அழுத்தினான். ‘டிக்’ என்றது. சுவிட்சைப் போட்டான். ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தது.

“அங்க வச்சா சூடு ஆன்ரி, போட்டோ கெட்டுப் போகும். இங்க ஒண்டும் ஆகாது.”

மூடியைப் போட்டு நாலு ஆணியையும் இறுக்கினான்.

வரதராசாவுக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. காலையில் போனில் கத்தியதெல்லாம் காதுக்குள் கேட்டது. “தம்பி... நீ ஏன் இப்பிடி...” என்று தடுமாறினார்.

தம்மிக்க பையைத் தோளில் போட்டுக்கொண்டான். நேசமலரைப் பார்த்துத்தான் சொன்னான்.

“எண்பத்தொன்பதில சிங்களப் பொடியன்மார் கிளர்ச்சி செஞ்ச நேரம், மாத்தறையில எங்க அண்ணன ஆமி கொண்டு போனது ஆன்ரி. திரும்பி வரயில்ல. பயத்தில அப்பா எல்லாப் போட்டோவையும் எரிச்சது. அம்மா ஒண்ட மட்டும் றேடியோவுக்குள்ள ஒளிச்சு வச்சது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.”