மூன்று டீ

பழைய வண்டிகளுக்கான பந்தயத்தைப் பார்க்கப் பரிதியின் பழைய பைக்கில் போனோம். அதைக் கிளப்ப, கார்புரேட்டர் பொத்தானைப் பெட்ரோலில் விரல் நனையும்வரை அழுத்தி, டேங்கைக் கன்னத்தைத் தட்டுவதுபோல் இருமுறை தட்டி, பிறகு உதைக்க வேண்டும். தட்டுவது அவனுடைய பைத்தியக்காரத்தனம். கல்யாணமான புதிதில், “உனக்கு மட்டும்தான் சொல்றேன்” என்று கற்றுத்தந்தான்.

திடலில் எங்கள் இருவருக்கும் டீ வாங்கப் போனான். வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். எல்லாம் முறையாகச் செய்தும் எனக்குக் கிளம்பவில்லை.

பந்தய உடையில் இருந்த ஒருத்தி, “தள்ளிக்கோங்க சிஸ்டர்” என்றாள். பொத்தானை அழுத்தினாள். டேங்கை இருமுறை தட்டினாள். ஒரே உதை.

“இன்னும் இந்த அடம் போகலையா?” என்று வண்டியிடம் கேட்டாள்.

என் விரலிலும் பெட்ரோல் வாசனை இருந்தது.

தூரத்தில் பரிதி மூன்று டீயுடன் வந்துகொண்டிருந்தான்.