ஒரு கை பாக்கெட்டில்

கரண்ட் ஓடுகிற லைனில் மீட்டர் வைக்கும்போது, ஷாக் கைக்குக் கை நெஞ்சு வழியே பாய்ந்துவிடாமலிருக்க ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளும் தன் மச்சினனைக் கண்டாலே போர்மேனுக்கு இளக்காரம்.

"தள்ளுடா, தொடைநடுங்கி!" என்று மீட்டரைப் பிடுங்கி, இரண்டு கைகளாலும் சோதித்தார். இருநூற்று முப்பது வோல்ட். பிறகு கறுப்புக் கிளிப்பை எர்த்தில் மாட்டி, சிவப்பு முனையைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் காட்டினார்.

"பாத்தியா? செத்தா போயிட்டேன்?"

மீட்டரில் இருநூற்று முப்பது.

"ஓட்டை மீட்டர்" என்று காறித் துப்பினார்.

மச்சினன் மெயினை அணைத்தான். விளக்குகள் போயின, அவர் நெஞ்சில் வைத்திருந்த மீட்டரில் எண் மட்டும் இறங்கவில்லை.

"மாமா, வீட்டுக்குப் போங்க. யாரையும் தொட்டுறாதீங்க."

"போடா, நீயெல்லாம் ஒரு எலெக்ட்ரீசியன்!"

சாயங்காலம் வாசலில் மகள் கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். போர்மேன் அவசரமாக இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் நிற்கவில்லை.