புழுதிக்கு மூன்று மாதம்

"இன்னிக்கே கொண்டுபோய் விட்டுட்டு வான்னு இவர் சொல்றார். நீயே சொல்லும்மா, இது நியாயமா?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகப் பயிற்சியாளரிடம் முறையிட்டாள் டீச்சரம்மா. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் தெருவுக்கே அவள் டீச்சரம்மாதான். குரல் அப்படி.

விலங்குகள் காப்பகம் அனுப்பியிருந்த பயிற்சியாளருக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், ஒரு கணம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தபடி நின்றாள்.

ஃபிரிட்ஜ் உச்சியில் முதுகை வில்லாக வளைத்துச் சீறிக்கொண்டிருந்தது பூனை. பெயர் மகாராணி. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச் சென்றது. கீழே மேசைக்காலில் கட்டப்பட்டு, வீடே அதிரக் குரைத்துக்கொண்டிருந்தது நாய். மண் நிறம் என்பதால் புழுதி. காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

"அவன் பூனை வாலைக் கவ்விட்டாம்மா. விலக்கிவிடப் போனேன், என் கையையும் பதம் பாத்துட்டான்" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டினார் கணவர்.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா சார்?"

"ஆச்சு, ஆச்சு. எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இந்த வேண்டாத வேலை?"

டீச்சரம்மா குறுக்கிட்டாள். "அவன் கழுத்துல இருக்கிற தழும்பைப் பாருங்க. கம்பியால கட்டிப் போட்டிருந்தாங்களாம். அடியும் உதையுமா வளர்ந்தவன் வேற எப்படி இருப்பான்?"

பயிற்சியாளர் அவளையே பார்த்தாள். "சரியாச் சொன்னீங்க மேடம். பயந்ததுதான் கடிக்கும். புது வீட்டுல யாரு நம்ம ஆளு, யாரு நம்மளை விரட்டுவாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

தரையில் உட்கார்ந்து, நாயின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். புழுதி மோந்து பார்த்தது. குரைப்பு முனகலாக இறங்கியது.

"கொஞ்ச நாளைக்கு ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே வேண்டாம். பின்னாடி சின்ன ரூமை இவனுக்குக் குடுத்துடுங்க. மூடின கதவுக்கு இந்தப் பக்கம் பூனைக்குச் சாப்பாடு, அந்தப் பக்கம் இவனுக்கு. இவன் படுத்த துணியைப் பூனைகிட்ட போடுங்க, பூனையோடதை இவன்கிட்ட போடுங்க. முதல்ல வாசனை பழகட்டும். அப்புறம் கயித்துல பிடிச்சுக்கிட்டுத் தூரத்திலேர்ந்து காட்டலாம். பூனையைப் பாத்துட்டுச் சும்மா இருந்தான்னா உடனே ஒரு பிஸ்கட்."

"பாய்ஞ்சான்னா? ரெண்டு போடலாமா?" என்றார் கணவர்.

"அடிக்கவே கூடாது சார். அடிச்சா, இந்தப் பூனையாலதான் நமக்கு அடின்னு மனசுல பதிஞ்சிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் ஒட்டாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இன்னொண்ணு. அந்த ரூம்ல தனியா அடைச்சு வெளியே தாழ் போட்டுட்டுப் போயிடாதீங்க. யாராவது கூட இருங்க."

"நான் இருக்கேன்" என்றாள் டீச்சரம்மா. "எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு மாசம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"ஆகட்டுமே. முப்பத்திமூணு வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களை மேய்ச்சவ நான். எனக்கா பொறுமை இல்லை?"

சொன்னபடியே செய்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு சின்ன அறைக்கே குடிபோனாள். அலமாரிக்கு மேல் மகாராணிக்குப் பலகை அடித்துக் கொடுத்தாள். இரண்டாம் மாதம் புழுதி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய, பூனை அதன் மூக்கைக் கீறிவிட்டது. கணவர் ஆட்டோவைக் கூப்பிடக் கிளம்பினார். டீச்சரம்மா வாசலை மறித்து நின்று அழுதாள். வாரம் தவறாமல் வந்த பயிற்சியாளர், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு நாளும் அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் அவள் வந்தபோது புழுதி சோபாவுக்கடியில் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் தலை வைத்து மகாராணியும் தூங்கியது.

"பாத்தியா என் பிள்ளைங்களை?" டீச்சரம்மாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. "ஊரே திருப்பி விடுன்னுதான் சொல்லிச்சு. நம்மளை நம்பி வந்த ஜீவனை ஒத்துவரலைன்னு திருப்பி அனுப்பறதாவது! அதைவிடப் பாவம் உண்டா?"

பயிற்சியாளர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "காப்பகத்துல புழுதியை நிரந்தரமா உங்க பேருக்கு எழுதிடுவாங்க மேடம். சில கேள்வி இருக்கு."

வீடு சொந்தமா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தவள், கடைசிக் கேள்வியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"இதற்கு முன் தத்தெடுத்து, பிறகு திருப்பி ஒப்படைத்தது உண்டா?"

"இல்லவே இல்லை. இதுதான் முதல் தடவை. இல்லைன்னு போட்டுக்கம்மா."

பேனா காகிதத்தைத் தொடவில்லை. செய்தித்தாளில் மூழ்கியிருந்த கணவர் அதை மெல்ல இறக்கி, முதல் தடவையாகப் பயிற்சியாளரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றாள் பயிற்சியாளர், குரல் உயராமல். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, குழந்தைகள் இல்லத்துலேர்ந்து ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து, உங்க பொண்ணு கையைக் கடிச்சிட்டான்னு பதினோராம் நாளே திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தீங்களே, என்னை?"