கண்வலிக்கு யார் காரணம்?

"சார், இந்தம்மா முறைச்சு முறைச்சுப் பார்த்துதான் எனக்குக் கண்வலி வந்துச்சு!"

"சார், அந்த ஆள நான் ஏன் பார்க்கிறேன்? அந்த மூஞ்சி எதிர்ல வந்ததாலதான் எனக்கே ஒட்டிக்கிச்சு!"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிரே ஸ்டோர் கீப்பரும் ரிசப்ஷனிஸ்ட் அம்மாவும் ஆளுக்கொரு மூலையில், கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிய நின்றிருந்தார்கள். இரண்டு கண்ணாடியும் ஒரே அச்சு. வாசலில் எட்டிப் பார்த்த ஆபீஸ் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இரண்டு வருடமாக இருவரும் எலியும் பூனையும்தான். குடோன் சாவி எங்கே என்று கேட்பதற்குக்கூட நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

"போதும்! உங்கள்ல ஒருத்தர ராத்திரி முழுக்க ரயில்ல போற தூரத்துக்கு மாத்தப் போறேன். கண்வலிய யாரு கொண்டுவந்தீங்களோ, அவங்க பெட்டியக் கட்டுங்க!"

கணவனும் மனைவியும் ஒரே கிளையில் வேலை பார்க்கக் கூடாதென்று போன மாதம்தான் ஒரு புது ஜோடியைப் பிரித்த மனிதர். இந்த ஜென்மப் பகையாளிகளைப் பிரிக்கவா யோசிப்பார்? இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கம்பெனி டாக்டர் நான்கு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"வைரஸ்தான், தானா சரியாகிடும். கண்ணக் கசக்காதீங்க. அடிக்கடி கை கழுவுங்க. சிவப்பு போற வரைக்கும் வீட்லயே இருங்க."

"அது கிடக்கட்டும் டாக்டர். யாரப் பார்த்து யாருக்கு வந்துச்சு?"

"பார்த்தா ஒட்டாது சார். எல்லாரும் அப்படித்தான் தப்பா நினைச்சுக்கிட்டிருக்காங்க. தொட்டாத்தான் ஒட்டும்."

ஆபீஸ் கொல்லென்று சிரித்தது. இவர்களாவது, தொட்டுக்கொள்வதாவது!

மேனேஜர் மேசையைத் தட்டினார். "சரி, கண்ணு யாருக்கு முதல்ல சிவந்துச்சு? அதச் சொல்லுங்க."

இரண்டு வருடப் பழக்கம், விடுமா? ஸ்டோர் கீப்பரின் விரல் தானாக நீண்டது. "இவங்களுக்குத்தான் சார்!"

ரிசப்ஷனிஸ்ட் அம்மாவுக்கு வந்ததே கோபம்! கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வீசினார். அந்த ஆபீஸில் முதல்முறையாக ஸ்டோர் கீப்பரை நேருக்கு நேர் பார்த்துக் கத்தினார்.

"ஏங்க, உங்க கண்ணு சிவந்த அன்னிக்கே என் துண்டத் தொடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"