சத்தியநேசனின் அவசரம்

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேள், சத்தியநேசன்?"

ஷிஃப்ட் இன்சார்ஜ் வெங்கடகிருஷ்ணனுக்குக் குரல் நடுங்கியது.

சாயங்கால ஷிஃப்ட் ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நிறுத்திய வெட்டு மெஷின்மேல் ஆள் நீளத்துக்கு ஒரு கார்பன் ஃபைபர் பலகை கிடந்தது. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் ரேடியேஷன் மெஷினில் நோயாளி படுப்பதற்கான பலகை.

வெளியே குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தரம் பார்க்கும் ஷிஜா ஒரு நாணயத்தால் விளிம்பைத் தட்டிக்கொண்டே வந்தபோது, கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் மழுங்கியது.

"உள்ள அடுக்கு பிரிஞ்சு போச்சு, சார். கையளவுக்கு மேல போயிருக்கு. இதைப் பாஸ் பண்ண முடியாது."

வெங்கடகிருஷ்ணன் மெஷின் திரையைப் பார்த்தார். வெட்டும் வேகம், வைக்க வேண்டியதைப்போல் இரு மடங்கு.

"வேகத்தைக் கூட்டினது யாரு?"

"நான்தான், சாரே."

சத்தியநேசன் முகமூடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் தூள் அப்பியிருந்தது.

"இந்த வேலையை நான்தான் செய்வேன்னு கெஞ்சி வாங்கினது நீங்களாக்கும். வேற யாரும் தொட வேண்டாம்னேள். பழகின கையாச்சேன்னு நம்பிக் குடுத்தேன். எதுக்கு இந்த அவசரம்? நேரத்தோட முடிச்சுட்டுப் பாறசாலை பஸ்ஸைப் பிடிக்கவா?"

"இல்ல, சாரே. இன்னைக்கு முடிச்சுக் குடுத்தா திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில மெஷினை ஓட்டிருவாவன்னு…"

"அடுத்த வாரம் குடுத்தாப் போறும்னு அவாளே சொல்லியிருந்தா! ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய், இப்போ ரெண்டு மாசம் போச்சு. கார்பன் துணி வெளிநாட்டுலேர்ந்து வரணும், அச்சுல அடுக்கணும், சூட்டுல வச்சு எடுக்கணும்… அங்கே ஜனங்க உயிரைக் கையில பிடிச்சிண்டு காத்திண்டிருக்கா. அவாளை ஒரு நிமிஷம் நினைச்சேளா?"

"நினைச்சேன், சாரே."

"நினைச்ச லட்சணம்தான் தெரியறதே! போங்கோ, வீட்டுக்குப் போங்கோ. இனி இந்த மெஷின் பக்கம் உங்களைப் பார்க்கப்படாது."

ஆஸ்பத்திரிக்குச் சொல்ல அவர் ஃபோனை எடுத்தார். ஷிஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தியநேசன் குழாயடியில் நின்று கை கழுவினான். எவ்வளவு சோப்புப் போட்டும் கார்பன் தூளின் அரிப்பு அடங்கவில்லை. உடை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். பாறசாலை பஸ் வந்து நின்றது. ஏறக் கால் வரவில்லை. பஸ் போய்விட்டது.

மங்கும் வெளிச்சத்தில் தனியாக நின்றிருந்தபோது ஃபோன் அடித்தது. மனைவி எலிசாள்.

எடுக்கப் பயமாக இருந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. எடுத்தான்.

"கேட்டியளா…" அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ஆஸ்பத்திரியில இருந்து இப்பம் விளிச்சாவ. புது மெஷின் ஓடத் தொடங்கினதும் மொதல்ல எனக்குத்தான் ரேடியேஷன் வைப்போம்னு சொன்னாவல்லா, அது இனி ரெண்டு மாசம் ஆவுமாம். எனக்கு அதுவரைக்கும் தாங்குமா?"